கிழிந்தது தலைதான், ஆனால் கையிலிருக்கும் தலை

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. அங்கு நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கு நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் அக்கா எடுத்து, "நீ ஒண்ணும் பேசாதே, தலைய அசைக்காம படு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அச்சகத்தில் முப்பத்தோரு வருடமாகப் புரூஃப் பார்க்கும் எனக்கு நேற்று உங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் வந்தது. 'தலைக்குப் பூரண ஓய்வு தேவைப்படுவதால் காலவரையற்ற விடுப்பு' என்று இருக்கிறது. என் நாற்காலியில் விளம்பரப் பகுதிப் பெண்ணை உட்கார வைத்துவிட்டதாகவும் கேள்வி. அத்தான், என் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழிந்தது கை. அதாவது தலைதான் கிழிந்தது, ஆனால் அது கையில் இருக்கிற தலை. இப்படி எழுதினால் உங்கள் சந்தேகம் இன்னும் உறுதிப்படும் என்று தெரியும், தயவுசெய்து மேலே படியுங்கள்.

போன புதன்கிழமை பைண்டிங் அறையில் அந்த உடற்கூற்றுப் பாடப்புத்தகம் அச்சடிக்க வந்த வெற்றுத்தாள் கட்டு ஒன்று தரையில் கிடந்தது. பைண்டர், "விடுங்கண்ணே, ஆள வரச்சொல்றேன்" என்றார். அவர் சும்மா இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஒரே மூச்சில் தூக்கினேன். தோளுக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம், கட்டு கீழே, நான் கட்டின் மேலே. எழுந்து சட்டைக் கையை மடித்துப் பார்த்தால் மேற்கையில் உருண்டு திரண்டு ஒரு முண்டா. பிறந்ததிலிருந்து என் உடம்பில் இல்லாத பொருள். பைண்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எப்படிண்ணே இப்படி ஒரு முண்டா வச்சிருக்கீங்க" என்று கேட்டார். வலியில் கண்ணீர் வந்தாலும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மேற்கையில் எலும்பு ஒன்றே ஒன்று, அது பத்திரமாக இருக்கிறது. முன்பக்கத் தசை மடக்குவதற்கு, பின்பக்கத் தசை நீட்டுவதற்கு. தசை மேலே போய் எலும்பைப் பிடித்துக்கொள்ளும் முனைக்குத் தலை என்று பெயராம். முன்பக்கத்துக்கு இரண்டு தலை, பின்பக்கத்துக்கு மூன்று. கூட்டிப் பாருங்கள், ஒரு கைக்கு ஐந்து, இரண்டு கைக்குப் பத்து, கழுத்துக்கு மேல் இருப்பது தனி. இத்தனை தலைக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான் என்பதை நினைத்தால் நமக்கு இவ்வளவாவது வேலை நடக்கிறதே என்று தோன்றுகிறது. என் முன்பக்கத் தசையின் நீளத் தலை அறுந்துவிட்டதால் சதை கீழே இறங்கிச் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் பெருமைப்பட்ட முண்டா அதுதான்.

இதையெல்லாம் டாக்டர் என்னிடம் சொல்லும்போது உங்கள் தங்கை, அதாவது என் மனைவி, வெளியே மாத்திரைச் சீட்டுக்கு நின்றிருந்தாள். பாதிக் கதவு திறந்திருந்தது. அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "தலை கிழிஞ்சிருக்கு. இந்த வயசுல தைச்சுப் பிரயோஜனமில்ல, அப்படியே விட்டுடலாம். இன்னொரு தலை இருக்குல்ல, அது பாத்துக்கும்." அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். 'இன்னொரு தலை' என்றது உங்களைத்தான் என்று அக்கா முடிவுசெய்துவிட்டாள் போலிருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கூட்டம். எல்லோரும் என்னிடம் மெதுவாக, சத்தமாகப் பேசுகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் குனிந்து, "நான் யாருன்னு தெரியுதா?" என்றார். "தெரியுது, என் ஏணிய வாங்கிட்டுப் போய் ரெண்டு வருஷமாத் திருப்பித் தராதவரு" என்றேன். அவர் வெளியே போய், "பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, மரியாதைதான் போயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். சரி, கண்ணால் பார்த்தாலாவது நம்புவார்கள் என்று சட்டையைக் கழற்றி முண்டாவைக் காட்டினேன். "வர்றவங்க முன்னாடியெல்லாம் சட்டையக் கழட்டுறாரு" என்று அதுவும் ஊர் சுற்றிவிட்டது. வாயைத் திறந்தாலும் தப்பு, சட்டையைத் திறந்தாலும் தப்பு.

அத்தான், எனக்கு வருத்தமாக இருக்கிறது. புரூஃப் பார்க்கப் புயபலம் தேவையில்லை. மூன்று விரலும் ஒரு சிவப்புப் பேனாவும் போதும், இரண்டும் இருக்கின்றன. இந்த முப்பத்தோரு வருடத்தில் அடுத்தவர் எழுத்தில் ஒரு ஒற்றுப்பிழைகூட என்னைத் தாண்டிப் போனதில்லை. அப்படிப்பட்டவனை ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டு வீட்டில் உட்கார வைப்பது நியாயமா? அந்த நாற்காலி இல்லாவிட்டால் நான் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். முக்கியமாக, உடற்கூற்றுப் புத்தகத்தில் அவளைக் கைவைக்க விடாதீர்கள். அது தெளிந்த மூளை பார்க்க வேண்டிய வேலை.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்து நீங்கள் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும் என்பது இந்த வீட்டில் எல்லோருடைய விருப்பமும்.

இப்படிக்கு,
பதினொரு தலையில் பத்து நலமாக உள்ள
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் புத்தகத்தின் மேற்கை அத்தியாயத்தை நான் போன திங்கட்கிழமை பார்த்து அனுப்பினேன். 'இருதலைத் தசைக்கு நீண்ட தலை ஒன்று, குறுந்தலை ஒன்று' என்று இருந்தது. கைக்கு ஏது தலை, தட்டச்சில் வந்த பிழை என்று பத்தொன்பது இடத்திலும் 'தலை'யை அடித்து 'தசை' என்று போட்டுவிட்டேன். இப்போது அது 'இருதசைத் தசைக்கு நீண்ட தசை ஒன்று, குறுந்தசை ஒன்று' என்று இருக்கும். பின்பக்கம் 'முத்தசைத் தசை'. புத்தகம் இன்னும் எந்திரத்தில் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், மேலே எழுதியது எல்லாம் சத்தியம். ஏறிவிட்டதென்றால், என் மனைவி போனில் சொன்னதே சரி. தலைதான் கிழிந்தது, கைக்கு ஒன்றுமில்லை. கிழிந்த நாள் புதன்கிழமை என்று எழுதியிருப்பதை மட்டும் திங்கட்கிழமை என்று திருத்தி வாசிக்கவும்.