பயோடேட்டாவில் பதினாறு துப்பாக்கி

“பதினான்கு வருடம் தினமும் குற்றவாளிகளை நேருக்கு நேர் சந்தித்தவர். துப்பாக்கி வைத்திருந்த பதினாறு பேரைத் தன்னந்தனியாகப் பேசியே அடக்கியவர். இதோ, மார்லிஸ் ஓடகார்ட்!” என்று ட்வைலா வாசித்து முடித்ததும், யாரைச் சொல்கிறார்கள் என்று மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் சுவர்தான் இருந்தது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், அந்த ஓட்டல் ஹாலில் நாற்பது பேர் கை தட்டினார்கள். சிறைக் காவலர்கள், குடிநோய் மையத்துக் கவுன்சலர்கள், ஜாமீனில் வந்தவர்களைக் கண்காணிக்கிறவர்கள். எல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். லைசன்ஸைப் புதுப்பிக்க வருடாவருடம் இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டியவர்கள்.

நடந்தது இவ்வளவுதான். மார்லிஸ் பதினான்கு வருடம் மாவட்ட நீதிமன்றத்தில் உட்கார்ந்தது உண்மை. உட்கார்ந்த இடம் பார்க்கிங் அபராதம் கட்டுகிற ஜன்னல். நவம்பர் வந்தால் மான் வேட்டை லைசன்ஸும் அதே ஜன்னலில்தான். மூன்று வருடமாக ஒரு பயிற்சிக் கம்பெனியில், கோபக்காரர்களை அமைதிப்படுத்துவது எப்படி என்று ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குப் பாடம் நடத்துகிறாள். சிறைக்காரர்களுக்கு நடத்துகிறவர் முதலாளி கோல்ஸ்டாட். அவர் காய்ச்சலில் படுத்துக்கொண்டு இவளை அனுப்பிவிட்டார். “பயோடேட்டாவ நான் கொஞ்சம் பாலீஷ் போட்டிருக்கேன், நீ கையெழுத்து மட்டும் போடு” என்றார். அந்த வாரம் புருஷனின் முழங்கால் ஆபரேஷனுக்காக இன்ஷூரன்ஸ் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுப் போட்டு ஓய்ந்திருந்தவள், இதிலும் படிக்காமல் போட்டுத் தொலைத்தாள்.

ட்வைலா அவள் காதருகே வந்தாள். வகுப்பை ஏற்பாடு செய்தவள் அவள்தான்.

“கடைசி வரிசையில சாம்பல் கோட்டு போட்டிருக்காரே, அவரு லைசன்ஸ் போர்டு இன்ஸ்பெக்டர். சொல்லாம கொள்ளாம வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருக்காரு.”

“எதுக்கு?”

“டிரெயினருங்க பயோடேட்டாவத் தோண்டறதுக்கு. போன மாசம் ஒருத்தர் மாட்டினாரு. வேலை போச்சு, கேஸும் போட்டுட்டாங்க. உனக்கென்ன பயம்? பதினாறு துப்பாக்கியப் பாத்தவ!”

வேலை போனால் இன்ஷூரன்ஸ் போகும். இன்ஷூரன்ஸ் போனால் பிப்ரவரி ஆபரேஷன் போகும். மனுஷன் இப்போதே கழிவறைக்குப் போக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறான்.

உண்மையை லேசாக, வலிக்காமல் சொல்லிவிடுவோம் என்று மைக்கைப் பிடித்தாள்.

“அதுல கொஞ்சம் மிகையா எழுதிட்டாங்க. நான் ஒண்ணும் பெருசா செஞ்சிடலைங்க.”

அங்கேதான் கெட்டது. மினசோட்டாக்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். எரிகிற வீட்டுக்குள் புகுந்து குழந்தையைத் தூக்கி வந்தவன்கூட “அந்தப் பக்கமாப் போனேன்” என்பான். ஒருத்தர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால், பயங்கரமாக ஏதோ செய்திருக்கிறார் என்று பொருள். ஹால் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது.

சாம்பல் கோட்டு மட்டும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

காப்பி இடைவேளையில் அடுத்த யோசனை வந்தது. சாட்சியத்தையே அழித்துவிட்டால்? பயோடேட்டாவை அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார்கள். மேஜை மேஜையாகப் போய், “அச்சுல தப்பு இருக்கு, அந்தத் தாளைக் குடுத்துடுங்க” என்று கேட்டாள்.

டுவெய்ன் என்ற சிறைக் காவலர் எழுந்து நின்றார். ஆறரை அடி. “குடுக்கறதா? கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம். என் பொண்டாட்டி நம்ப மாட்டா.”

“ஐயோ, நான் அதுக்கு...”

“பாத்தீங்களா, எவ்ளோ அடக்கம்!” என்றார் டுவெய்ன் பக்கத்து ஆளிடம்.

உடனே எல்லாரும் வரிசை கட்டிவிட்டார்கள். அதுவரை ஒரே ஒரு பொய்யில்தான் அவள் கையெழுத்து இருந்தது. காப்பி ஆறுவதற்குள் முப்பத்தொன்பது பொய்யில் தேதியோடு போட்டு முடித்தாள்.

மிச்சம் ஒன்று. சாம்பல் கோட்டின் கையில் இருந்தது.

“சார், அந்தத் தாள்...”

அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். “இல்லைங்க. இது எனக்குக் கட்டாயம் வேணும்.”

செத்தோம் என்று நினைத்துக்கொண்டாள் மார்லிஸ். இனி மூச்சு விடாமல் பாடம் நடத்துவது ஒன்றுதான் வழி. ஆனால் டுவெய்ன் விடுவாரா?

“மேடம், அந்தப் பதினாறு பேர் கதையச் சொல்லுங்க!”

சொல்லாவிட்டால் சந்தேகம் வரும். பொய் சொன்னால் கேஸ் வரும். நடந்ததையே, இடத்தை மட்டும் மறைத்துச் சொன்னாள்.

“எல்லாரும் விடியற்காலைலேர்ந்து நின்னுட்டிருந்தாங்க. கம்ப்யூட்டர் வேற படுத்துடுச்சு. கத்த ஆரம்பிச்சாங்க.”

“துப்பாக்கி?”

“வண்டியில இருந்துச்சு.”

“அடேங்கப்பா! நீங்க என்ன பண்ணீங்க?”

“காப்பி போட்டுக் குடுத்தேன். ஒவ்வொருத்தர் பேரையும் கேட்டேன். வீட்ல யார் யார் இருக்காங்கன்னு விசாரிச்சேன். பேசப் பேசக் கோவம் இறங்கிடுச்சு. ஒருத்தரு அழுதாரு. அவங்கப்பா இல்லாம வந்த முதல் வருஷமாம்.”

முன்வரிசையில் ஒரு கவுன்சலர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாம்பல் கோட்டு கையைத் தூக்கினார். குரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்குகிறது என்று மார்லிஸ் முடிவு கட்டினாள்.

“இது எந்தச் சிறையில? எந்த வருஷம்? தெளிவாச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். மார்லிஸ் உடைந்துபோனாள்.

“சிறையே இல்லை சார்! பார்க்கிங் ஃபைன் ஜன்னல்! அவங்க மான் வேட்டைக்குப் போறவங்க, லைசன்ஸ் வாங்க வந்தாங்க! நான் வாழ்க்கையில ஜெயில் வாசலக்கூட மிதிச்சதில்லை. பயோடேட்டாவ முதலாளி எழுதினாரு, நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். அது என் தப்புதான். என்ன வேணா பண்ணுங்க, ஆனா என் வீட்டுக்காரர் ஆபரேஷன் முடியற வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க!”

டுவெய்ன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“அப்ப எங்களுக்கு இந்த ஆறு மணி நேரம் லைசன்ஸ் கணக்குல சேருமா, சேராதா?”

நாற்பது தலையும் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. சாம்பல் கோட்டு எழுந்தார். வெளியே பனி கொட்டுகிறது, அவர் நெற்றியிலோ வியர்வை. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேடையை நோக்கி நடந்து வந்தார். ட்வைலா காப்பிக் குடுவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மார்லிஸ் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். விலங்கு மாட்டப் போகிறார் என்றே நினைத்துவிட்டாள், பாவம்.

அவர் அந்தக் கைகளைப் பார்த்து ஒரு கணம் விழித்தார். அப்புறம் யாருக்கும் கேட்காதபடி குனிந்து சொன்னார்:

“மேடம், ‘காப்பி போட்டேன்’ வரைக்கும்தான் எழுதியிருக்கேன், மிச்சத்தைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, இன்ஸ்பெக்டர் உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போயிட்டாரு, நான் அவரு மச்சான், ஸ்கூல் பஸ் ஓட்டறவன், அவரு பேர்ல கையெழுத்துப் போட்டுக் குறிப்பெடுக்க வந்திருக்கேன். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!”