கூரை மேல் ஒரு ராசிக்காரன்

இந்த வருஷம் ஸ்டேடியத்துக்குப் போவதில்லை என்று ஆகஸ்ட் மாதமே சபதம் எடுத்துவிட்டேன். குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எடுத்தேன். வீரமான சபதம்தான். லவோன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் குழாய்.

லவோன் என் மனைவி. ஹால்வர்சன் ஊரில் பிறந்தவள். இந்த ஊரில் குழந்தைகள் பிறந்ததும் அழுவதில்லை, "காட்டெருமை வாழ்க" என்று கத்துகின்றன என்பது என் சந்தேகம். காட்டெருமைகள் என்பது எங்கள் பல்கலைக்கழகத்து அமெரிக்க ஃபுட்பால் அணி. லவோனின் அப்பா சாகும்போது வீட்டை மகனுக்கும், ஸ்டேடியத்தில் தன் பெயரில் இருந்த இரண்டு சீசன் டிக்கெட் இருக்கைகளை மகளுக்கும் எழுதி வைத்தார். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மச்சான் இன்றுவரை எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

எங்கள் கல்யாணத் தேதியைக் குறித்ததுகூடப் பாதிரியார் இல்லை, ஆட்ட அட்டவணை. அந்தப் பருவத்தில் ஆட்டம் இல்லாத ஒரே சனிக்கிழமையில் எனக்குக் கல்யாணம் ஆனது. அதற்கப்புறம் வந்த சனிக்கிழமை எதுவும் என்னுடையதில்லை.

ஆட்டத்தின் பெயரில் கால் இருக்கிறது. ஆடுகிறவர்கள் கையால் ஆடுகிறார்கள். கால் வலிப்பது எனக்கு. விடிவதற்கு முன்பே எழுந்து காரை நிறுத்த இடம் பிடிக்க வேண்டும். புல்வெளியில் அடுப்பு மூட்டி, ஊரில் பாதிப் பேருக்குத் தொத்திறைச்சி வாட்ட வேண்டும். வெண்கலக் காட்டெருமைச் சிலையின் மூக்கைத் தேய்க்க வரிசையில் நிற்க வேண்டும். பேண்டு வாத்தியக் கோஷ்டி வரும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும். பிறகு மெத்தை, கம்பளி, காப்பிக் குடுவை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு படி ஏற வேண்டும். மாமனார் விட்டுப்போன இருக்கைகள் மேகத்துக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன.

ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் இன்னொன்று. ஒரு லட்சம் பேர் எழுந்து நின்று இடது காலணியைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டுவோம். நவம்பர் பனியிலும் ஆட்டுவோம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் வெளியூர்க்காரனா என்பார்கள்.

எனக்கு வேண்டியது அதிகமில்லை. ஒரு சனிக்கிழமை மதியம். எங்கள் வீட்டில் கோடு கோடாக நெய்த துணி போட்ட பழைய சோபா. அதில் நான். அவ்வளவுதான். களைத்துப்போன மனிதனின் ஆசை.

நேராகச் சொல்லலாமே என்பீர்கள். போன வருஷம் முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தேன். லவோன் எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கிவந்தாள். என்னை அதில் உட்காரவைத்தாள். என் மடியில் அடுப்பை வைத்தாள். அடுப்பின் மேல் கரி மூட்டையை வைத்தாள். "பாத்தியா கண்ணு, இப்ப எல்லாம் ஒரே நடையில போயிடுச்சு" என்றாள். அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டால் எனக்கு ஏதோ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

சபதத்தை மென்று விழுங்கிவிட்டு இந்த வருஷமும் முதல் ஆட்டத்துக்குப் போனேன். காட்டெருமைகள் தோற்றன. மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு ஆர்வில்லும் தன் தொட்டியோடு வந்தான். பாவம், சீசன் டிக்கெட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு இளமையிலிருந்து காத்திருப்பவன். அவனிடம் என் குறையைக் கொட்டினேன்.

"ஏன்யா நார்பர்ட், வலி கிலின்னு சொன்னா அவ விடுவாளா? அணிக்காகன்னு சொல்லு" என்றான்.

"புரியலையே."

"நீ ராசியில்லாத ஆளுன்னு சொல்லு. நீ இருந்தா தோக்குறாங்க. எந்திரிச்சுப் போனா ஜெயிக்கிறாங்க. அப்புறம் பாரு, அவளே உன்னை வீட்டுல வச்சுப் பூட்டிட்டுப் போவா."

அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நடுவில் குப்பைத் தொட்டி இருந்தது. அதையும் சேர்த்துத்தான்.

ஏனென்றால் எங்கள் ஊரில் ராசி என்பது சின்ன விஷயம் இல்லை. ஜெயித்த அன்று என்ன செய்தோமோ அதை அடுத்த ஆட்டத்துக்கும் அப்படியே செய்தாக வேண்டும். ஜெயித்த அன்று போட்ட காலுறையை அடுத்த தோல்வி வரை துவைக்கக் கூடாது. அணி நன்றாக ஆடும் வருஷங்களில் எங்கள் ஸ்டேடியத்தில் மூச்சு விட முடியாது.

இரண்டாவது ஆட்டத்தில் வேலையைக் காட்டினேன். எதிரணி முன்னால் போனதும் பெருமூச்சு விட்டேன்.

"லவோன், எனக்கென்னமோ நான்தான் காரணம்னு தோணுது."

"வாயை மூடிட்டு ஆட்டத்தைப் பாரு."

"கழிவறைக்குப் போயிட்டு வரேன்."

நான் படியிறங்கி முடிப்பதற்குள் ஸ்டேடியம் அதிர்ந்தது. நம்மவர்கள் டச்டவுன் போட்டு ஆறு பாயிண்ட் எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பந்தைக் கோட்டைவிட்டார்கள். மறுபடி எழுந்து போனேன். மறுபடி டச்டவுன். சத்தியமாக இதில் என் கைவேலை எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அதிர்ஷ்டம் என் பக்கம் வந்திருந்தது, நான் ராசியில்லாதவன் என்று நிரூபிக்க.

பின் வரிசையில் தலையில் கொம்பு மாட்டிய பல் டாக்டர் ஒருவர் எழுந்தார். "இந்தாளு எந்திரிச்சுப் போனாத்தான்யா நம்மாளுங்க ஆடுறாங்க!" என்று கத்தினார். வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பல் பிடுங்கியவர். அன்றுகூட என்னிடம் இவ்வளவு கடுமையாக நடந்துகொள்ளவில்லை.

மீதி ஆட்டம் முழுவதும் தொத்திறைச்சிக் கடைக்குப் பின்னால் நின்றேன். நாங்கள் ஜெயித்தோம். காரில் வரும்போது லவோன் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"கண்ணு, மனசு கஷ்டப்படாத. இனிமே நீ வீட்டுலயே இருந்துடேன்."

"நான் இல்லாம நீ தனியாவா?" என்று குரலைத் தழுதழுக்க வைத்தேன்.

"ஆர்வில்லைக் கூட்டிட்டுப் போறேன். அணிக்காக, கண்ணு."

"அணிக்காக" என்றேன். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை இருக்கிறதே, அதுதான் சொர்க்கம். வீடு அமைதியாக இருந்தது. சோபாவில் படுத்தேன். தூங்கினேன். எழுந்து ஒரு துண்டு பாலாடைக்கட்டி தின்றேன். தூங்கிய களைப்புத் தீர மறுபடி தூங்கினேன்.

வாசலில் கார் சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்தேன். லவோன் குதித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஜெயிச்சுட்டோம்! நாற்பது பாயிண்ட்! இப்படி ஒரு ஆட்டத்தைப் பாத்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா! நார்பர்ட், நீ அப்ப என்ன பண்ணிட்டிருந்த?"

"நானா?"

"ஆமா. ஆட்டம் நடக்கறப்ப. கரெக்டா சொல்லு."

தூங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பொண்டாட்டி, நான் புருஷன். நான் சும்மா படுத்திருந்தேன் என்று அவளிடம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய் ஒன்று உண்டு. மேப்பிள் இலை விழுந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் பண்ணு என்று அவள் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயில் அதுதான் வந்தது.

"ஏணி போட்டு ஏறி, அந்தக் கால்வாயைச் சுத்தம் பண்ணிட்டிருந்தேன்."

லவோன் என் முகத்தையே பார்த்தாள். என் இடது கன்னத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"அப்படியா கண்ணு?" என்றாள். "அப்ப அடுத்த வாரமும் அதையே பண்ணணும்."

"சுத்தம் பண்ணியாச்சே!"

"இலை இன்னும் விழுந்துட்டுத்தானே இருக்கு? ராசியை மாத்தலாமா? எங்கப்பா ஜெயிச்ச காலுறையை மாத்துனாரா?"

அடுத்த சனிக்கிழமை ஏணியில் ஏறினேன். மூன்று வருஷத்துக் குப்பை. கறுப்பாக, ஊறி, என் முழங்கை வரைக்கும். காட்டெருமைகள் ஜெயித்தன. நாசமாய்ப் போக.

அதற்கடுத்த வாரம் தந்திரமாக இடைவேளையோடு கீழே இறங்கி, சோபாவில் தலையைச் சாய்த்தேன். உடனே போன் அடித்தது.

"நார்பர்ட்! அவங்க முன்னால போயிட்டாங்க! நீ எங்க இருக்க?"

"ஏணியில."

"வீட்டுப் போனை ஏணியிலேருந்து எப்படி எடுத்த?"

போனை வைத்துவிட்டு ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்வில்லின் மனைவி பெர்னீஸ், சமையலறை ஜன்னலில் ரேடியோவோடு நின்றிருந்தாள்.

"ஏறுய்யா, ஏறு! இங்க உசுரு போகுது, உனக்குத் தூக்கம் கேக்குதா? அந்தக் கோடிக்குப் போ! அந்தக் கோடியில இருக்கறப்பத்தான் பந்து நம்ம கையில இருந்துச்சு!"

விஷயம் எப்படியோ ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எதிரணி முன்னால் போனால் தெருவில் போகும் கார்கள் என் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தன. தபால்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மளிகைக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்கதானே கால்வாய்க்காரர்? உடம்பைப் பாத்துக்குங்க" என்றாள். கால்வாய் முடிந்ததும் ஜன்னல் சட்டத்துக்குப் பெயிண்ட். "கால்வாய்க்குப் பக்கத்துலதானே இருக்கு, அதுவும் ராசியிலதான் சேத்தி" என்றாள் லவோன். காட்டெருமைகள் ஜெயித்துக்கொண்டே இருந்தன. இவ்வளவு காலம் எந்த அணி தோற்றால் எனக்கென்ன என்று இருந்தவன், இப்போது மனமுருகி வேண்டினேன். தோற்றுத் தொலையுங்களேன்டா!

ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"லவோன், நான் ஸ்டேடியத்துக்கே வந்துடறேனே. காலணிகூட ஆட்டறேன். ரெண்டு காலணியும்."

"உன் சீட்டுல ஆர்வில் இருக்கானே, கண்ணு."

கடைசி ஆட்டம் நீர்நாய்கள் என்ற அணியோடு. ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரி, எங்கள் பரம்பரை எதிரி. அன்று வெளியே பனி கொட்டியது. பெர்னீஸ் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தெருவில் ஈ காக்காய் இல்லை. போன் கம்பியைப் பிடுங்கினேன். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து சோபாவில் விழுந்தேன். இந்த ராசி இன்றோடு ஒழியட்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது லவோன் என் மேல் குனிந்து நின்றாள். மூக்கு சிவந்திருந்தது. இடது காலில் காலணி இல்லை.

"ஜெயிச்சுட்டோம்" என்றாள். "ஆட்டினதுல கையை விட்டுப் போயிடுச்சு. ஆனா ஜெயிச்சுட்டோம். ஏணியில இருந்தியா?"

அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. நீர்நாய்களை வென்ற அன்று நான் செய்தது என்ன? இனி நான் செய்ய வேண்டியது என்ன? எழுந்து கம்பீரமாக உட்கார்ந்தேன்.

"இல்லை. தூங்கினேன்! நல்லா, குறட்டை விட்டுத் தூங்கினேன்!"

"தெரியுது. கன்னத்துல சோபா கோடு விழுந்திருக்கு. அந்த முதல் வாரமும் இப்படித்தான் விழுந்திருந்துச்சு."

"தெரிஞ்சேவா என்னை ஏத்தினே?"

"மூணு வருஷமாச் சொல்லிட்டிருக்கேனே."

"அப்ப ராசி?"

"ஆர்வில்தான் ராசி. அவன் வந்து உக்காந்ததுலேருந்து தோக்கவே இல்லையே. குப்பைத் தொட்டிகிட்ட உனக்கு அந்த யோசனையைச் சொல்லச் சொன்னதே நான்தான்."

லவோன் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா சீட்டுல உக்காந்துக்கிட்டு நீ விட்ட பெருமூச்சு இருக்கே. ஒரு லட்சம் பேர் கத்தறப்பவும் அது மட்டும் என் காதுல விழும். எனக்கும் அலுத்துப்போச்சு, நார்பர்ட்."

எனக்குச் சுருக்கென்றது. அவளும் இத்தனை வருஷமாக ஒன்றைச் சுமந்துதான் படி ஏறியிருக்கிறாள். அது அடுப்பைவிடக் கனம். ஆனாலும் பிடியை விட நான் தயாராக இல்லை.

"அதெல்லாம் சரி லவோன். நீர்நாய் ஆட்டத்தன்னிக்கு நான் ஏணியில ஏறலை, தூங்கினேன். ஜெயிச்சோம். ராசியை மாத்தலாமா? உங்கப்பா காலுறையை மாத்துனாரா?"

அவள் யோசித்தாள். ஊர்க்காரியாயிற்றே. மனசாட்சி குத்தத்தான் செய்தது.

"நியாயம்தான்" என்றாள் கடைசியில். "இனிமே ஆட்டம் இருக்கற சனிக்கிழமையெல்லாம் நீ தூங்கித்தான் ஆகணும். யாரும் உன்னை எழுப்ப மாட்டோம்."

ஜெயித்தேன்! வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்தேன். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி சாய்ந்தேன். கண்ணை மூடினேன். கம்பளி தானாக நழுவிப் போனது. கண்ணைத் திறந்தால் லவோன் கையில் பனி வாரும் மண்வெட்டி.

"எந்திரி கண்ணு. சீசன் இன்னியோட முடிஞ்சுபோச்சு. இனி செப்டம்பர் வரைக்கும் நீ தூங்க வேண்டிய அவசியமே இல்லை."