அத்தானுக்குப் போன ஆப்சென்ட் லெட்டர்

தச்சநல்லூர்,
12.8.1997

பெருமதிப்பிற்குரிய பாபநாசம் அத்தான் சமூகத்துக்கு, மைத்துனன் குமரகுருபரன் வணங்கி எழுதுவது. இங்கு யாவரும் சுகம். நாங்குநேரியில் தாங்களும் பிரம்மநாயகி அக்காவும், அவளுடைய மூட்டுவலி நீங்கலாக, சுகமாயிருக்க நெல்லையப்பரை வேண்டுகிறேன்.

சென்ற வாரம் என் டுடோரியல் காலேஜிலிருந்து வந்த கடிதத்தைத் தாங்கள் படிக்காமல் கிழித்திருந்தால் நல்லது. படித்துவிட்டுக் கிழித்திருந்தால், கோபத்தைச் சற்று ஒத்திவைத்து இதைப் படிக்கவும். அது நான் எழுதியதல்ல, பெட்டி எழுதியது.

கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன், அத்தான். அதற்குள் கடிதம் எழுதும் ப்ரோக்ராம் ஒன்று இருக்கிறது. பையன் பெயர், பெயிலான பாடம், வராத நாள் இவற்றைத் தட்டினால் போதும், பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதத்தைத் தானே எழுதிவிடும். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறோம். செருப்பை வெளியே விட்டுத்தான் அந்த அறைக்குள் போவோம். மத்தியானத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், குறுக்குத்துறையில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பதுபோல் உடம்பு லேசாகிவிடும். கண் தானாகச் சொக்கும். அப்படிச் சொக்கிப்போன ஒரு மத்தியானத்தில்தான் தங்களுக்கும் கடிதம் போனது.

பெட்டியின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். மணப்பாட்டு அமலோற்பவம் அம்மாவின் மகன் ரெக்சன் இங்கிலீஷில் பதினோரு மார்க். அதைச் சொல்லத்தான் கடிதம் போட்டோம். அந்த அம்மாவோ முழு நெய்மீனோடு நன்றி சொல்ல வந்துவிட்டார். "படிக்கப் படிக்க கண்ணுல தண்ணி வந்துட்டு, அண்ணாச்சி. பய பாஸா பெயிலான்னு மட்டும் எழுதாம விட்டுட்டியளே" என்றார். சைவக்காரன் நான், மீனைக் கையில் ஏந்திக்கொண்டே 'பெயில்' என்றேன்.

மூன்று வருடத்துக்கு முன் புது வீட்டில் பால் காய்ச்சியபோது, தாம்பூலத் தட்டோடு நேரில் வந்து அழைக்க வேண்டிய அக்கா வீட்டுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பினேன். தப்புதான். அன்றிலிருந்து தாங்களும் வரவில்லை, அக்காவையும் அனுப்பவில்லை. அந்தப் பத்திரிகைக்காக எழுதிவைத்த உறவுக்காரர் பட்டியலை என் மகள் ப்ரியா பையன்கள் பட்டியலோடு சேர்த்துப் பெட்டியில் ஏற்றிவிட்டாள். மாணவன் யார், மாப்பிள்ளை யார் என்று பெட்டிக்குத் தெரியுமா? 'தங்கள் மகன் பாபநாசம் நல்ல பிள்ளை. ஆனால் மூன்று வருடமாக வரவில்லை. அவர் உட்காரும் இடம் காலியாகவே இருக்கிறது. தயவுசெய்து அனுப்பி வைக்கவும்' என்று, காலமாகிவிட்ட தங்கள் தகப்பனார் பெயருக்கே எழுதி அனுப்பிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு அக்காவை இன்னும் மூன்று வருடம் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

தங்கள் பாதங்களுக்கும் அக்காவுக்கும் என் நமஸ்காரம். வானமாமலைப் பெருமாள் துணை.

குமரகுருபரன்

பி.கு.: இதை ப்ரியா படித்துவிட்டுச் சிரித்தாள். "யப்பா, நான் எங்க உறவுக்காரங்க பட்டியல ஏத்துனேன்? பெட்டிக்கு நாள் கணக்குதான் தெரியும், வருசக் கணக்கே தெரியாது. பொய் சொல்லுதிய" என்றாள். பொய்தான், அத்தான். அன்று சொக்கலில் அக்கா ஞாபகம் வந்தது. நானே தட்டினேன், பழியைப் பெட்டி மேல் போட்டேன். இதையாவது தபாலில் போடக் கூடாது என்று நேரில் கொண்டுவந்து, தாம்பூலத் தட்டில் வைத்து அக்காவிடம் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறேன். தங்கள் வாசலில்தான் நிற்கிறேன்.