வாத்தியார் மாட்டிய இரண்டாவது பல்பு

பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடத்தும் வாத்தியாருக்கு மின்சாரம் என்றால் குலைநடுக்கம். கரும்பலகையில் அது சாது. வீட்டுச் சுவருக்குள் ஓடுவதோ ஆளை விழுங்கும் ஜென்மம். மிக்சி, இஸ்திரிப்பெட்டி எதையும் அவர் தொட்டதில்லை. கேட்டால் கைவலி, கழுத்துவலி, திருத்த வேண்டிய விடைத்தாள்.

அன்று மனைவி பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இன்னொரு குண்டு பல்பு வேண்டுமென்றாள்.

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவா?"

"என் வீட்டுக்கு எலக்ட்ரீஷியனா? பசங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்!" வாய் முந்திக்கொண்டது.

"அப்ப நீங்களே மாட்டுங்க. ரெண்டு பல்பும் பளிச்சுன்னு எரிஞ்சா, இனிமே எந்தச் சுவிட்ச் பக்கமும் உங்களைக் கூப்பிட மாட்டேன். எரியலேன்னா, நாளையிலேருந்து மிக்சியும் இஸ்திரியும் உங்க பாடு."

ஆயுளுக்கும் விடுதலை! மனுஷன் சபலப்பட்டுவிட்டார்.

காலில் ரப்பர் செருப்போடு மர நாற்காலியில் ஏறினார்.

"மெயினை அணைச்சாச்சா?"

"ஆச்சு."

"நிஜமாவா?"

"இது அஞ்சாவது தடவை."

அணைத்திருப்பாளா? அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொல்லிப் போன வாரம் பாலைப் பொங்கவிட்டவள்தானே? பழைய பல்புக்கு வரும் இரண்டு கம்பியும் இரண்டு பாம்பாகத் தெரிந்தன. புதுப் பல்பைத் தனியாக இணைக்கும் பக்க இணைப்பு என்றால் இரண்டையும் தொட வேண்டும். ஒன்றை மட்டும் வெட்டி, நடுவில் புதுப் பல்பைக் கோத்துவிட்டால் ஒரு பாம்போடு போய்விடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு வெட்டினார்.

சாகவில்லை.

மனைவி மெயினைப் போட்டாள். இரண்டு பல்பும் எரிந்தன, சீக்காளி கண் திறந்த மாதிரி.

"என்னங்க, அழுது வடியுது?"

"வோல்டேஜ் கம்மி."

"கூடத்துல நல்லாத்தானே எரியுது?"

வாத்தியார் திருத்த வேண்டிய விடைத்தாளைத் தேடினார்.

"ரெண்டையும் ஒரே வரிசையில கோத்துட்டீங்க. வர்ற வோல்டேஜை ரெண்டும் பாதிப் பாதி பங்கு போட்டுக்குது. அப்புறம் எப்படி முழுசா எரியும்?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"தினமும் வீட்டுல சத்தமாப் பாடம் நடத்திப் பாக்கறீங்களே, சமைச்சுக்கிட்டே கேக்கறேன். ரெண்டு கம்பியையும் தொட உங்களுக்குத் தைரியம் வராதுன்னு தெரிஞ்சுதான் பந்தயமே வச்சேன்."

மெயினை அணைத்துவிட்டு நாற்காலியில் ஏறினாள். பத்தே நிமிஷத்தில் பிரித்து மாட்டினாள். சமையலறை ஜொலித்தது.

"காலையில முதல்ல மிக்சி. அதுக்குச் சுவிட்ச் எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

வாத்தியாருக்குத் தெரியாது.