நின்றால் கொதிக்கும் கார்

களுதாவளைக் கோயில் வாசலில் மாப்பிள்ளை இறங்கி மாலையைச் சரிசெய்வதற்குள் அழகரத்தினத்தின் மொரிஸ் மைனர் கொதித்துவிட்டது. பொனற்றுக்கடியிலிருந்து ஆவி சீறியது. அதோடு மஞ்சள் தண்ணீரும் அவிந்த முட்டைத் துண்டுகளும் பறந்துவந்து மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் ஒட்டிக்கொண்டன.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"சைவச் சாப்பாடெண்டுதானே சொன்னயள்?"

முட்டையை ஊற்றியவன் அழகரத்தினம்தான். ஓடும்போது அந்தக் கார் தண்ணீர்ப் பானை மாதிரிக் குளிர்ந்திருக்கும். எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினால் போதும், சூடு விறுவிறென்று ஏறிவிடும். யுத்தகாலத்தில் வாடகைக் கார் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். சோதனைச் சாவடிக்குச் சாவடி வரிசை. அணைத்துவிட்டு நிற்கவும் முடியாது. ஆறும்வரை மறுபடி ஸ்டார்ட் ஆகாது, பின்னால் நிற்பவன் எல்லாம் ஏசுவான்.

காத்தான்குடி மெக்கானிக் சாலிஹ் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய நாளிலிருந்துதான் காருக்கு இந்த வருத்தம். போய்க் கேட்டதற்கு, வயதுபோன வாகனம், ஓடும்வரை ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, சாலிஹ் வேறொரு வண்டிக்கடியில் புகுந்துகொண்டான். மனைவி அன்னப்பூரணியும் அதையேதான் சொன்னாள்.

"ஓடக்குள்ள நல்லாத்தானே இரிக்கி. விடுங்களன்."

அவன் விடவில்லை. முதலில் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தான். கொதிப்பு குறையவில்லை, காலையில் எஞ்சின் இருமத் தொடங்கியதுதான் மிச்சம். பிறகு றேடியேற்றர் குழாய்களில் ஊத்தை அடைத்திருக்கும் என்று ஈர்க்கை விட்டுக் குடைந்தான். ஊத்தை வந்தது, குழாயிலும் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்க மஞ்சள் தூளும் முட்டை வெள்ளையும் ஊற்றினான். ஓட்டையும் அடைபட்டது, நல்ல குழாய்களும் அடைபட்டன. அந்தக் கோலத்தோடுதான் கலியாணத்துக்குப் போனான்.

வேட்டிக் கதை ஊரெல்லாம் பரவியது. அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டிருப்பான். கூட்டாளி வல்லிபுரம் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. வல்லிபுரத்தின் வான் வண்டியை இராணுவ முகாம்காரர் 'அவசரத்துக்கு' என்று கொண்டுபோய் மாதக்கணக்காகிவிட்டது. பக்கத்து வீட்டு மோட்டார்சைக்கிளைக் காட்டுப்பக்கத்து இயக்க ஆட்கள் கொண்டுபோயிருந்தார்கள். அழகரத்தினத்தின் காரையும் அவர்கள் ஒருநாள் கேட்டு வாங்கித்தான் போனார்கள். வாய்க்கால் பாலத்தில் யாரோ வரும்வரை நிறுத்தியிருக்கிறார்கள், கொதித்துவிட்டது. நீயே வைத்துக்கொள் என்று சொல்லி, தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். முகாம்காரரும் அரிசி ஏற்றவென்று ஒருமுறை மறித்துவிட்டு, வந்த ஆவியைப் பார்த்துக் கையை ஆட்டி அனுப்பிவிட்டார்கள்.

"உனக்கென்ன மச்சான்," என்றான் வல்லிபுரம். "உன்ர கார எவனும் சீண்டமாட்டானே."

அழகரத்தினத்துக்கு அது நெஞ்சில் தைத்தது. பறித்துப் போகிறவனுக்குக்கூடப் பிடிக்காத காரா தன்னுடையது?

அன்று பின்னேரம் பொனற்றைத் திறந்து வைத்து யோசித்தான். ஓடும்போது காற்று தானாக முகத்தில் அடிக்கிறது, அதனால் சூடில்லை. நிற்கும்போது காற்றை இழுத்துத் தரவேண்டியது எஞ்சினுக்கு முன்னால் சுழலும் விசிறி. அப்படியானால் விசிறி என்ன செய்கிறது? எஞ்சினை ஓடவிட்டு, முன்கம்பிகளில் ஒரு பத்திரிகைத் தாளைப் பிடித்துப் பார்த்தான். தாள் உள்ளே இழுபட்டு ஒட்டியிருக்க வேண்டும். அது ஒட்டாமல் வழுகி அவன் காலடியில் விழுந்தது.

இதழ்களை உற்றுப் பார்த்தான். விசிறி முன்பின்னாகப் பூட்டப்பட்டிருந்தது.

அழகரத்தினம் தனியே நின்று சிரித்தான். விசிறியைக் கழற்றித் திருப்பிப் பூட்டினான். றேடியேற்றரைக் கழுவி ஈயம் பற்றவைத்தான். பிறகு காரை முற்றத்தில் ஓடவிட்டுவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினான். ஒரு பொட்டு ஆவி இல்லை. அன்னப்பூரணி காரையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இயந்திரத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, சாலிஹின் முகத்தில் கரி பூசவென்றே காத்தான்குடிக்குப் புறப்பட்டான். வழிச் சாவடியில் நீண்ட வரிசை. கார் வெயிலில் சிணுங்காமல் நின்றது. புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவன் அருகில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, பழைய கார்தானே, சூடாகாதா என்று விசாரித்தான். பேசாமல் இருந்திருக்கலாம். அழகரத்தினம் தனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, நாள் முழுக்க நின்றாலும் சூடேறாது, இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு எஞ்சின் கிடையாது என்று விளக்கினான். அதிகாரியின் கையைப் பிடித்துப் பொனற்றில் வைத்தும் காட்டினான்.

அதிகாரி மரியாதையாகத்தான் கார்ச் சாவியைக் கேட்டான். அவசரத்துக்கு என்றான்.

மிச்ச வழியை அழகரத்தினம் நடந்தே போனான். சாலிஹின் கராஜ் வாசலில் நின்று, மனதில் அடைத்துக் கிடந்ததையெல்லாம் கொட்டினான். நீ முதலே ஒழுங்காகப் பூட்டியிருந்தால் எனக்கு இந்த அலைச்சல் இல்லை, கோயிலடியில் அவமானம் இல்லை, உன்னிடம் வரும் வழியில் கார் பறிபோயிருக்காது என்றான். விசிறிக்கு முன் எது, பின் எது என்று தெரியாதவனுக்குக் கராஜ் எதற்கு என்றும் கேட்டான்.

சாலிஹ் கையிலிருந்த கிறீஸைத் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியாமப் பூட்டல்ல அண்ண," என்றான் கடைசியில். "எவனும் கொண்டு போகாம கார் ஊட்டோட கிடக்கட்டும், இவர்ட வாய் நிக்காது, இவருக்கு மட்டும் சொல்லிராதங்க எண்டு உங்கட பொஞ்சாதிதான் வந்து மாத்திப் பூட்டச் சொன்னா."