மகள் கலியாணமும் ஒரு நெட்வேர்க் கார்டும்

புதிதாக ஒன்றைப் படித்துக்கொண்ட மனிதனைப் போல ஒரு வீட்டுக்கு ஆபத்தானவன் வேறு யாரும் இல்லை. அவன் பௌதிக ஆசிரியனாகவும் இருந்துவிட்டால் வீட்டாருக்குத் தப்ப வழியே கிடையாது. நான் அப்படி ஒருவனாக இருந்தேன். கிழவனான பிறகும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

போர் மறுபடி மூண்டிருந்த காலம் அது. சம்பூர்ப் பக்கம் ஷெல் விழுந்தால் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டு யன்னல்கள் அதிரும். எங்கள் ஒரே மகள் கவிதாவுக்கு ரொறன்ரோவில் கலியாணம். எனக்கும் மனைவி மகேஸ்வரிக்கும் விசா கிடைக்கவில்லை. ஆகவே கணினியில் பார்ப்பது என்று முடிவாயிற்று. அங்கே மண்டபத்தில் பெரிய திரை, அதில் நாங்கள் தெரிவோம். இங்கே முன்னறையில் எங்கள் கணினி, அதில் அவர்கள் தெரிவார்கள். பெற்ற மகளின் கலியாணத்தில் மகேஸ்வரிக்குக் கிடைக்கவிருந்தது அந்தச் சின்னத் திரை மட்டும்தான்.

அதைத்தான் நான் கலியாணத்தன்று பிற்பகல் அழித்தேன்.

காரணம் லினக்ஸ். கொழும்பில் ஒரு கருத்தரங்கில் அந்த இயங்குதளத்தை ஒரு சீடியில் போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். யாரும் பாவிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்றதும் எனக்கு உடம்பு புல்லரித்தது. ஊர் திரும்பி, ஆசிரியர் அறையில் "சுதந்திர மென்பொருள்" என்று முழங்கினேன். இரசாயனம் படிப்பித்த நசீர் மாஸ்டர் மெதுவாக எழுந்துபோய் ரோட்டுப் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டு வந்தார். (அந்த நாட்களில் திருகோணமலையில் அந்த முதற்சொல்லை உரத்துச் சொல்வது உடம்புக்கு நல்லதல்ல.)

கலியாணத்துக்கு முதல்நாள் ஒத்திகை பார்த்தபோது எங்கள் வைரஸ் பிடித்த கணினி உறைந்துவிட்டது. தும்மப் போகிற முகத்தோடு மகள் திரையில் அப்படியே நின்றாள். லினக்ஸ் போட்டால் பறக்கும் என்றேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மகேஸ்வரி. "ஓடுறது ஓடட்டும். கலியாணம் முடிய என்னவும் செய்யுங்கோ."

நான் கேட்கவில்லை. ஞாயிறு மதியம் தொடங்குவதாக இருந்தேன். கரண்ட் போய், நாலு மணிக்குப் பிறகுதான் வந்தது. தாலி கட்டு எங்கள் நேரப்படி பின்னேரம் ஏழு மணிக்கு.

அந்தச் சீடியில் ஓர் அருமையான வசதி இருந்தது. கணினியில் எதையும் அழிக்காமல் சீடியிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, எல்லாம் சரிவருகிறதா என்று பார்க்கலாம். முக்கியமாக, கணினியை இணைய வயரோடு பேசவைக்கும் நெட்வேர்க் கார்ட் என்ற பச்சைப் பலகையைச் சோதிக்கச் சொல்லிக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எல்லாக் கார்டையும் லினக்ஸுக்குத் தெரியாதாம். அதை நான் மூன்று முறை வாசித்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மகேஸ்வரி குசினியிலிருந்து சொன்னாள்: "செய்யத்தான் போறியள் எண்டா நாலரைக்கு முதல் தொடங்குங்கோ. பிறகு ராகு காலம். தொடங்கிவிட்டாக் காணும்."

ராகு காலத்தை வகுப்பு வகுப்பாகப் பகிடி பண்ணியே மாணவரிடம் பெயர் வாங்கியவன் நான். ஆனால் நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். சோதிக்க நேரம் காணாது. பெற்ற மகளின் கலியாணம், எதற்கு வீண் வம்பு? வட்டு முழுவதையும் அழிக்கவா என்று கணினி கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். எல்லாம் மிக நல்ல நேரத்தில் அழிந்தது.

லினக்ஸ் அழகாக ஏறியது. அயல் பெண்கள் பட்டுச் சேலையோடு வந்து கதிரைகளில் அமர்ந்துவிட்டார்கள். நான் வயரைச் செருகினேன். இணையம் வரவில்லை. சோதிக்கும் கட்டளை ஒன்றைத் தட்டினேன். பதில் மின்னல் வேகத்தில் வந்தது. "வேலை செய்யுது!" என்று கூவினேன். பெண்கள் கைதட்டினார்கள். பிறகுதான் கவனித்தேன், கணினி தன்னையே கேள்வி கேட்டுத் தனக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. (இந்த வீட்டில் அது புதிதில்லை என்றாள் மகேஸ்வரி.) எங்கள் கார்டை லினக்ஸ் இதற்கு முன் கண்டதே இல்லை. கண்டுகொள்ள வைக்கும் மென்பொருள் கிடைக்கிற ஒரே இடம் இணையம்.

மகேஸ்வரி கூறைச் சேலை மடியில் கை வைத்தபடி கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நசீர் மாஸ்டர் வீட்டுக்குப் பறந்தேன். அவரிடம் பழைய கணினி ஒன்று உண்டு. அதிலிருந்த கார்ட் வகையை லினக்ஸுக்கு நன்றாகத் தெரியும்.

"சோதிக்காம அழிச்சீங்களா? நீங்க சயன்ஸ் மாஸ்டர்தானே?"

"ராகு காலம் வரப் பாத்தது."

அவர் கார்டைக் கழற்றி, பழுதாகக்கூடாது என்று பஞ்சில் பொதிந்து, பிஸ்கட் டின் ஒன்றில் வைத்து, வயரால் இறுக்கிக் கட்டித் தந்தார். போர்க்காலத்து வீதியில் கொண்டுபோக அதைவிடப் பொருத்தமில்லாத பொதியை இரண்டு பட்டதாரிகள் சேர்ந்து கட்டியிருக்க முடியாது.

சந்திச் சோதனைச்சாவடியில் ஓர் இளம் கடற்படை வீரன் டின்னைத் திறந்தான். பஞ்சு. உள்ளே பச்சைப் பலகை, கறுப்புச் சில்லு, பொன்னிறக் கால்கள். இரண்டு அடி பின்னால் போனான். நான் படித்திருந்த சிங்களம் முழுவதும் தொண்டைக்குள் ஒளிந்துகொண்டது. "மகள் கலியாணம்" என்று தமிழில்தான் வந்தது.

அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. டின்னைப் பார்த்தான். "கலியாணம் இதுக்குள்ளயா?"

"ஓம்" என்றேன்.

வோக்கி டோக்கியில் நெடுநேரம் கதைத்தான். பிறகு என்னை முன்னே நடக்கச் சொல்லி, தோளில் தொங்கிய துவக்கோடு பின்னால் வந்தான். நாங்கள் போகப் போகத் தெருவில் படலைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

வீட்டில் பெண்கள் உறைந்துபோனார்கள். மகேஸ்வரிக்கு மட்டும் துவக்குத் தெரியவில்லை. டின்தான் தெரிந்தது. "கார்ட் கிடைச்சுதோ?"

கணினியைத் திறந்து கார்டை மாட்டினேன். வீரன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி நின்றான். லினக்ஸ் அந்தக் கார்டைக் கண்டவுடனேயே அடையாளம் கண்டுகொண்டது! பச்சை விளக்குச் சிமிட்டியது. எனக்குப் போர், துவக்கு எல்லாம் மறந்துபோய்விட்டன. கமராவைப் போட்டு அழைத்தேன். மண்டபம் தெரிந்தது, மணவறை தெரிந்தது, மாப்பிள்ளை கையில் தாலி தெரிந்தது.

அங்கே பெரிய திரையில் என்ன தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை. வியர்த்து விறுவிறுத்துப் பெண்ணின் தகப்பன். அவர் முதுகுக்குப் பின்னால் துவக்கோடு ஒரு நேவிக்காரன்.

மேளம் நின்றது. மகள் மணவறையிலிருந்து எழும்பி ஓடிவந்து கமராவில் முட்டினாள். கண் மை கரைந்து வழிந்தது.

"அப்பா, உங்களப் பிடிச்சிட்டினமோ?"

"இல்லையம்மா, இவர் கார்டுக்காக வந்தவர்" என்றேன். உலகத்தில் எவரும் நம்பாத உண்மை. விஷயம் விளங்கிய வீரன் வெட்கப்பட்டுப் பக்கத்தில் ஒதுங்கினான். அவன் முகம் மறைந்தது. துவக்கின் நுனி மட்டும் படத்தில் என் காதுக்குக் கிட்ட நின்றது.

மகேஸ்வரி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் இருந்தாள். "ஒண்டுமில்லை மகள். அப்பா ராகு காலத்துக்கு முதல் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டார். நீ போய் இரு."

மகள் அழுகையோடு சிரித்தாள். திரும்பிப் போய் இருந்தாள். தாலி ஏறியது. மகேஸ்வரி பார்த்தாள். வீரனும் பார்த்தான், கையில் எங்கள் வீட்டு வடையோடு.

கலியாண அல்பத்தில் மகள் கண் மை வழிய நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. அதற்கு நான்தான் காரணம். அந்தப் பக்கத்தை நான் விரைவாகப் புரட்டிவிடுவேன். அதே படத்தில் பின்னால் பெரிய திரையில் துவக்கோடு தெரிபவருக்குக் குடும்பத்தில் 'துவக்கு மாமா' என்று முறையே வந்துவிட்டது. போன வருடம் பேத்தியின் அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அடித்தபோது, துவக்கு மாமாவுக்கும் ஒன்று அனுப்புவோமா என்று மகள் தொலைபேசியில் கேட்டாள்.

"அனுப்பு," என்றாள் மகேஸ்வரி. "அவர் வந்தாத்தானே எங்களுக்கு லைன் கிடைக்கும்."