கடலுக்குப் போன ஊர் டிவி

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாத இடங்கள் சில உண்டு. நான் எல்லா இடத்திலும் திறந்தவன்.

எண்பதுகளின் கடைசி. சென்னையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த (முடித்த என்றால், ஃபீஸ் கட்டி முடித்த) அனுப்பம்பட்டுக்காரனான எனக்குப் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பெண் கொடுத்திருந்தார்கள். மாமனாரின் எஞ்சின் போட்டில் எக்கோ சவுண்டர் என்று ஒரு பெட்டி இருந்தது. கடலாழத்தையும் மீன் கூட்டத்தையும் காகிதச் சுருளில் கோடாக வரையும். காகிதம் விற்கிற விலைக்குச் சந்தையில் மீனே வாங்கிவிடலாம் என்று அவர் புலம்புவார்.

"பேப்பரே வேணாம் மாமா. என் கம்ப்யூட்டர்ல சொருகினா டிவியிலயே மீன் தெரியும்" என்றேன். என் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாகத் திரை கிடையாது.

டிவி குப்பத்துக்கே ஒன்றுதான். ஊர்க்காசில் வாங்கிய, பேட்டரியிலும் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை. ஞாயிறு சாயங்காலப் படத்துக்கு மொத்த ஊரும் அதன் முன்னால் உட்காரும். மாமனார் பஞ்சாயத்தாரிடம் ஜாமீன் சொல்லி, ஒரு ஞாயிறு காலையில் அதை வாங்கி வந்தார்.

"படம் போடறதுக்குள்ள வந்துடணும். நைனா மானம் உங்க கைல கீது" என்றாள் மனைவி.

கடலில் எல்லாவற்றையும் எஞ்சின் பேட்டரியோடு இணைத்தேன். திரையில் 'எரர்' என்று வந்தது.

"இன்னா மாப்ள, மீனு இன்னா சொல்து?"

"யோசிக்குது மாமா."

பிடுங்கிச் சொருகினேன். எரர். புரோகிராமைத் திரும்ப அடித்தேன். எரர். நடுவில் வாந்தி வேறு. (கீபோர்டு மேல் இல்லை, அந்த ஒரு புண்ணியம் உண்டு.) பொழுது சாய்ந்துகொண்டே போனது. எந்த முகத்தோடு கரைக்குப் போவேன்? செத்துவிடலாம் போலிருந்தது. பேட்டரி ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

டிவியின் முதுகிலிருந்து புகை கிளம்பியது. "ஐயோ, எரியுதே!" என்று மாமனார் ஒரு வாளி கடல் தண்ணீரை மொண்டு அதன் தலையில் ஊற்றினார். சவுண்டரும் கம்ப்யூட்டரும் ஒயரை மாற்றிய நொடியிலேயே கருகிவிட்டிருந்தன.

கரையில் பாய் விரித்து, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஊரே காத்திருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட நான் டிவியோடு இறங்கியதைப் பார்த்து ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. யாருக்கும் பணியாத என் மாமனார் பஞ்சாயத்தார் முன்னால் தலை குனிந்து நின்றார். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தலைவர் அங்கேயே தீர்ப்பு சொன்னார்: "புது டிவி வர்ற வரைக்கும், வாராவாரம் மாப்ளதான் வந்து படக்கதை சொல்லணும். பாட்டு, சண்டை எல்லாத்தோட."

சொன்னேன். என் சம்பளத்தில் புது டிவிக்குக் காசு சேர ஒரு வருஷம் போலாயிற்று. அதுவரை நானே கதாநாயகன், நானே வில்லன். கதாநாயகியாக அழுதது மட்டும் நடிப்பில்லை. மாமனார் ஒரு வாரமும் தவறாமல் வந்து உட்காருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார்.

புது டிவி வந்த முதல் ஞாயிறு, அப்பாடா என்று கடைசியில் போய் ஒடுங்கினேன். பாதிப் படத்தில் மாமனார் எழுந்தார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"இன்னா மாப்ள இது, சப்புனு கீது? நீங்களே சொல்லுங்க."

டிவியை அணைத்துவிட்டார்கள். இன்றும் எங்கள் வீட்டில் எந்தப் படம் மோசமாக இருந்தாலும் "இத்த மாப்ளயே சொல்லியிருக்கலாம்" என்பார்கள். என் மகளும் அப்படியேதான் சொல்கிறாள்.